வலது கைக்கு ஆறு வாரம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது என் வலது கையில் ஒரு தசைநாண் அறுந்தது. அவர் விழாமல் தாங்கிப் பிடிக்கப் போய்த்தான் அறுந்தது. இந்த இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பத்தொன்பது நாள் ஆனது.

அப்போது காரைக்காலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சுனாமி போய் இரண்டு வருடம் இருக்கும். எனக்கு நாற்பத்தேழு வயது. நெரவியில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அவர் நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எடை எண்பத்திரண்டு கிலோ. ஒரே மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்திருந்தோம், அவளுக்குக் கைக்குழந்தை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வாதம் அவருடைய இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. பேச்சு இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் குழறலோடு. இடது கை மூடியபடியே இருக்கும், விரல்களைப் பிரித்து விடவேண்டும். இடது கால் உடம்பைத் தாங்காது. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து குளிக்கும் ஸ்டூலுக்கு, மறுபடி நாற்காலிக்கு என்று நான் அலுவலகம் கிளம்புவதற்குள் நாலு தடவை அவரைத் தூக்கி மாற்றவேண்டும். பகலில் பக்கத்து வீட்டு அம்மா வந்து சாப்பாடு எடுத்துக் கொடுப்பார். சிறுநீர்க் குடுவையை அவருடைய வலது கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போவேன். நான் சாயங்காலம் வந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். வலது கையை அவருடைய அக்குளுக்குள் விட்டு, முதுகைச் சுற்றிப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவேன். யாரும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாள் எப்படித் தூக்கினேனோ அப்படியே ஒன்பது மாதம் தூக்கினேன்.

நாலாவது மாதத்திலேயே வலது தோளின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. ஆழத்தில், எலும்புக்குள்ளே குடைவது போன்ற வலி. ஜாக்கெட்டின் கொக்கி போடும்போதும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும்போதும் அதிகமாகும். வலிக்கும் இடத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அவருக்கு வந்ததற்கு முன்னால் இது ஒரு வலியா என்ற நினைப்பு இருந்தது. அதைவிட, அதைப் பற்றி நினைக்கவே எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

ஐப்பசிக் கடைசி. விடாமல் மூன்று நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை, குளியலறைத் தரையும் காயவில்லை. ஸ்டூலிலிருந்து எழுப்பி நாற்காலிப் பக்கம் திருப்பும்போது அவருடைய வலது கால், நல்ல கால், ஈரத்தில் வழுக்கிவிட்டது. மொத்த உடம்பும் என் வலது கையில் வந்து இறங்கியது. கையை விட்டிருந்தால் பின்மண்டை தொட்டி விளிம்பில் அடித்திருக்கும். விடவில்லை. அப்போது என் தோளுக்குள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இறுக்கிக் கட்டிய கயிறு அறுவது போல. மேல்கை முழுக்கச் சுடுதண்ணீர் ஓடியது போல் ஒரு சூடு. எப்படியோ அவரை மறுபடி ஸ்டூலிலேயே உட்கார வைத்துவிட்டேன். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

“என்ன சத்தம் அது?” என்றார்.

“வாளிக் கைப்பிடிங்க. கழண்டுடுச்சு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகு ஏதாவது செய்யவேண்டி வரும். அன்று காலை எட்டே காலுக்கு பஸ். அவருக்கு இன்னும் துவட்டவில்லை. அவ்வளவுதான்.

அன்று முழுவதும் கை விண்விண்ணென்று வலித்தது. மறுநாள் ஒரு வேடிக்கை நடந்தது. ஐந்து மாதமாகக் குடைந்துகொண்டிருந்த தோள்வலி ஏறக்குறைய நின்றுவிட்டது. ஏதோ பிசகியிருந்தது சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் குளிக்கும்போது பார்த்தால் மேல்கையின் உட்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்தது. நாலைந்து நாளில் அந்த நிறம் கீழே இறங்கி முழங்கை மடிப்பு வரை வந்து, ஓரங்களில் மஞ்சளும் பச்சையுமாக மாறியது. கையை மடக்கினால் மேல்கையின் கீழ்ப்பாதியில் ஒரு உருண்டை திரண்டு நின்றது, தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்தது போல. இடது கையில் அப்படி இல்லை. முந்தானையை இழுத்து வலது தோளையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு அலுவலகம் போனேன். குளிருது என்று சொன்னால் மழைக்காலத்தில் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

சின்னச் சின்ன வேலைகளில்தான் கை என்னைக் காட்டிக்கொடுத்தது. காப்பித்தூள் டப்பாவின் மூடியைத் திருக முடியவில்லை. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. பூட்டில் சாவியைத் திருப்பும்போது பாதியில் பலம் போய்விடும். மேலே தூக்குவது வலித்தாலும் முடிந்தது, திருப்புவதுதான் முடியவில்லை. அவரை இடது கையால் தூக்கப் பழகிக்கொண்டேன். இடுப்பைக் கொடுத்து, சுவரில் சாய்ந்து, எப்படியெப்படியோ. இரண்டு தடவை பாதியில் விட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வரிச்சிக்குடியில் இருக்கும் என் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க வந்தாள். அவருடைய ஒரே தங்கை. வயல் வேலையில் உரம் ஏறிய உடம்பு. தலை வாரிக்கொள்ள நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, சுளுக்குத்தான் என்று அவளே முடிவுசெய்து, அன்று மதியமே தன் ஊருக்கு அழைத்துப்போய், சுளுக்கு எடுக்கும் ஒரு பெரியவர் முன்னால் உட்கார வைத்தாள். கட்டைவிரலால் நன்றாக ஒரு இழுப்பு இழுத்து விடப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் மடக்கச் சொன்னார். உருண்டையை விரல் நுனியால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். தோளின் முன்பக்கம் விரலை வைத்து, அங்கே இருக்கவேண்டியது இல்லை என்பது போல் தலையை ஆட்டினார்.

“இது சுளுக்கு இல்லம்மா. உள்ள ஏதோ அறுந்து கீழ எறங்கிடுச்சு. இதை நான் தேச்சா இன்னும் கெட்டுப்போவும். பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க” என்றார்.

அதற்குப் பிறகும் நான் பத்து நாள் போகவில்லை. மருத்துவமனைக்குப் போனால் ஓய்வு என்பார்கள். ஓய்வு என்றால் அவரை யார் தூக்குவது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காததால் மற்ற எதையும் நான் யோசிக்கவில்லை. நாத்தனாரிடமும், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டேன், மாத்திரை கொடுத்தார்கள் என்று சொல்லிவைத்தேன்.

கடைசியில் கண்டுபிடித்தது பிசியோதெரபி செய்ய வரும் தம்பி. திருவாரூர்ப் பக்கத்துப் பையன், படிப்பு முடித்து நாலைந்து வருடம் ஆனவர், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பைக்கில் வந்து என் கணவருக்குப் பயிற்சி கொடுப்பார். அன்று அவருடைய இடது கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி, “அம்மா, இத கொஞ்சம் புடிச்சுக்குங்க” என்றார். நான் இடது கையை நீட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து பிடிக்க வலது கைதான் தோது. “வலது கையால புடிங்கம்மா” என்றார். பிடித்தேன். முந்தானை நழுவி, மேல்கையில் அந்த உருண்டை வெளியே தெரிந்தது. அவர் என் கணவரின் கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, கையை மடக்கச் சொன்னார்.

அவர் ஒரு சோதனை செய்தார். என் முழங்கையை மடக்கி உள்ளங்கையை மேலே பார்க்கச் செய்து, முழங்கை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து தன் சுட்டுவிரலைக் கொக்கி போல் உள்ளே மாட்டினார். அங்கே விறைப்பாக ஒரு கயிறு அவர் விரலில் மாட்டியது, எனக்கே தெரிந்தது. “நல்லவேளை, கீழ்ப்பக்கம் அறுபடாம இருக்கு” என்றார். பிறகு மேல்கையில் இருக்கும் இந்தத் தசைக்கு மேல்பக்கம் இரண்டு தலை என்று சொல்லிக்கொடுத்தார். ஒன்று தோள்மூட்டுக்குள் போய் ஒட்டியிருக்கும். அது எலும்பில் ஒரு வாய்க்கால் போன்ற பள்ளத்தின் வழியாகப் போகும். மற்றது பக்கத்தில் வேறொரு எலும்பில் ஒட்டியிருக்கும். வாய்க்கால் வழியாகப் போவது அறுந்ததால்தான் தசை கீழே சுருண்டு உருண்டையாக நிற்கிறது. மற்றது பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இன்னும் கையை மடக்க முடிகிறது.

“நரம்பு அறுந்துட்டா கை வராம போயிடுமே தம்பி?” என்று கேட்டேன்.

நாம் எல்லாவற்றையும் நரம்பு என்கிறோம். இது நரம்பில்லை, தசையை எலும்போடு கட்டிவைக்கிற நாண் என்றார். நரம்பு போனால் மரத்துப்போகும். எனக்கு அப்படி இல்லை. எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்க்காமல், பத்தொன்பது நாள் என்றேன். எப்படி ஆயிற்று என்று கேட்டபோது, தம்பியை வாசல் வரை அழைத்துப்போய், தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று மாதமாக இந்த வீட்டுக்கு வருகிறேன், நீங்கள் எப்படித் தூக்குகிறீர்கள் என்று ஒரு நாளும் பார்க்கவில்லையே என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. ஸ்கேனில் நாண் அறுந்திருந்தது தெரிந்தது. தோளுக்கு மேலே போகும் இன்னொரு நாணும் நைந்துபோயிருந்தது. எலும்பு மருத்துவர் நடுத்தர வயதுக்காரர். அவருக்கு முன்னால் நீளமான வரிசை. என்ன தூக்கினீர்கள் என்று கேட்டார். அரிசி மூட்டையா, சிலிண்டரா?

“ஆளத் தூக்குனேங்க” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் கேட்டார். அறுந்தது அன்று ஒரு நாளில் நடந்ததில்லை என்று விளக்கினார். மாதக்கணக்காக அந்த நாண் பள்ளத்தில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. முன்னால் இருந்த தோள்வலி அதுதான். தேய்ந்து நூலாக இருந்தது அன்றைக்கு அறுந்துவிட்டது, அதனால்தான் அந்தப் பழைய வலி நின்றது. எனக்கு நல்லது நடந்ததென்று நினைத்திருந்தேன். இந்த வயதில் இதற்கு அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது, இன்னொரு தலை மெல்ல மெல்ல வேலையை எடுத்துக்கொள்ளும், உருண்டை மட்டும் அப்படியே இருக்கும் என்றார். ஆனால் நைந்திருக்கும் மற்ற நாணும் போய்விட்டால் கை தோளுக்கு மேலே எழும்பாது. ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக்கூடாது. “எதையும்னா, யாரையும்” என்றார்.

கழுத்தில் தொட்டில் போட்டு அதில் கையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் நாற்காலியில் சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். எப்படி அறுந்தது என்று கேட்பார், சொல்லலாம் என்று நின்றேன். கேட்கவில்லை.

“அன்னிக்கு குளிக்கிறப்ப...” என்று நானே ஆரம்பித்தேன்.

“தெரியும்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

“அந்த வாளிக்குக் கைப்பிடியே கெடையாதே. நான் படுக்கறதுக்கு முன்னாடியே ஒடஞ்சு போச்சு. நாந்தான் கயிறு கட்டிக் குடுத்தேன்.”

“தெரிஞ்சுதான் இத்தன நாளு சும்மா இருந்தீங்களா?”

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழறலோடு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார். “நீயும் ஒக்காந்துட்டா, என்னைய யார் தூக்குறது? அதான் கேக்கல.”

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. கோபம்தான் வந்தது. பத்தொன்பது நாள் காலையும் மாலையும் நான் பல்லைக் கடித்ததை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நானும் அதே கேள்விக்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றை இடது கையால் பிசைந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே நாத்தனாருக்கு ஆள் அனுப்பியிருந்தேன். மறுநாள் விடிந்ததும் ஒரு பையில் இரண்டு புடவையோடு வந்து சேர்ந்தாள். மாத்திரைப் பொய்க்காக என்னை நன்றாகத் திட்டினாள். “ஏன் அண்ணி, ஒரு வார்த்த சொன்னா வரமாட்டேனா? மனுசங்கதான இருக்கோம்” என்றாள். தை அறுப்பு வரை இருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றும் சொன்னாள். நான் கணக்குப் பார்த்தேன். ஏறக்குறைய ஆறு வாரம்.

அவள் அண்ணனை நெல் மூட்டையைத் தூக்குவது போல் தூக்கினாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. தங்கை குளிப்பாட்டுகிறாள் என்ற கூச்சத்தில் முதல் வாரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே குளித்தார். எனக்குத் தலை பின்னிவிடுவதும் அவள்தான். நெற்றித் தோல் பின்னால் இழுக்கும்படி இறுக்கிப் பின்னுவாள். இந்த வீட்டில் இப்போது இரண்டு நோயாளிகள், ஒரு வேலைக்காரி என்று சொல்லிச் சிரிப்பாள். சாயங்காலம் ஆனால் அவளும் சுவரோரம் உட்கார்ந்து தன் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வதைப் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டால், அது எப்போதும் இருப்பதுதான் என்பாள்.

நான் மருத்துவ விடுப்பில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடத்தில் பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நீண்ட விடுப்பு அது. மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் ஒரு வாரம் பகலிலும் தூங்கினேன். எழுந்தால் களைப்பு இன்னும் அதிகமாக இருந்தது. ஒன்பது மாதக் களைப்பு வரிசையில் நின்று ஒவ்வொன்றாக உள்ளே வருவது போல இருந்தது.

பிசியோ தம்பி எனக்கும் பயிற்சி ஆரம்பித்தார். முதலில் மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. நாம் ஆட்டக்கூடாது, உடம்பை அசைத்தால் கை தானாக ஆடவேண்டும். அடுத்து சுவரில் விரல்களால் ஏறுவது. எவ்வளவு உயரம் ஏறினேன் என்று பென்சிலால் கோடு போடுவார். குடையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையைத் தள்ளி உயர்த்துவது. இரண்டாவது வாரத்தில் தொட்டிலைக் கழற்றினோம். முழங்கை விறைத்துப்போயிருந்தது, நீட்ட நீட்ட அந்த உருண்டை சுருக்சுருக்கென்று பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து தடவை. எண்ணுகிற வேலையைத் தம்பி என் கணவரிடம் கொடுத்தார். அவர் உற்சாகமில்லாமல் எண்ணுவார். சில சமயம் ஆறுக்குப் பிறகு மறுபடி ஐந்து சொல்வார். வேண்டுமென்றே செய்கிறாரா, மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நாலாவது வாரத்தில் பென்சில் கோடு அதே இடத்தில் நின்றுவிட்டது. தம்பி இல்லாத நாட்களில் நான் பயிற்சியே செய்யவில்லை, அதுதான் காரணம். அவர் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டார். வலிக்கிறது என்றேன். வலி இப்போது அந்த அளவுக்கு இருக்காதே என்றார். நானே எதிர்பாராமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

“கை சரியாயிட்டா திரும்பத் தூக்கணும் தம்பி. அத நெனச்சாதான் செய்யத் தோணல.”

என் கணவர் மூன்றடி தள்ளி நாற்காலியில் இருந்தார். நாத்தனார் சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். அந்தப் பையன் என்ன செய்வார், பாவம். கையில் இருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, ஒரு மூட்டையைக் கீழே இறக்கி வைத்தது போலவும் இருந்தது.

என் கணவர்தான் பேசினார். “தம்பி, நானா எந்திரிக்க ஏதும் வழி இருக்கா?”

இருக்கிறது என்றார் தம்பி. வந்த நாளிலிருந்து அதைத்தான் சார் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள்தான் விழுந்துவிடுவேன் என்று மாட்டேன் என்கிறீர்கள் என்றார். அது உண்மை. அவருக்கு விழுவதில் அப்படி ஒரு பயம். வாதம் வந்த அன்று மில் வாசலில் எல்லோர் முன்னாலும் விழுந்தவர்.

அடுத்த முறை வரும்போது தம்பி தடித்த கித்தான் துணியில் கைப்பிடிகள் வைத்துத் தைத்த ஒரு இடுப்புப் பட்டையைக் கொண்டுவந்தார். ஆளைத் தூக்கவே கூடாது என்பதுதான் முதல் பாடம். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்காரவேண்டும். இரண்டு பாதத்தையும் பின்னால் இழுத்து ஊன்றவேண்டும். மூக்கு முழங்காலுக்கு முன்னால் வரும்வரை குனியவேண்டும். முன்னும் பின்னும் ஆடி, மூன்றாவது ஆட்டத்தில் நல்ல காலால் உந்தவேண்டும். நான் செய்யவேண்டியதெல்லாம் என் முழங்காலால் அவருடைய இடது முழங்கால் மடங்காமல் முட்டுக்கொடுப்பதும், பட்டையின் பிடியில் இடது கையை வைத்திருப்பதும்தான். இழுக்கக்கூடாது, சாயும் திசையை மட்டும் காட்டவேண்டும். குளியலறைச் சுவரில் ஒரு இரும்புக் கம்பியும் பதித்தோம்.

சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் முதல் பத்து நாள் அவர் பாதி எழுந்து பொத்தென்று நாற்காலியிலேயே விழுந்தார். ஒவ்வொரு தடவையும் முகம் வெளுத்துவிடும். எனக்கு வலது கை தானாக அவர் அக்குளுக்குள் போகும். தம்பி அதைத் தட்டிவிடுவார். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “எதுக்கு அண்ணி இந்தப் பாடு? நகருங்க, நான் தூக்கி வெச்சுட்டுப் போறேன்” என்று வந்து நிற்பாள். ஒரு நாள் அவரே அவளைப் பார்த்து, “நீ போயிட்டா?” என்று கேட்டார். அவள் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு குறுக்கே வரவில்லை.

எனக்கு ஐந்தாவது வாரக் கடைசியில் ரப்பர் பயிற்சி தொடங்கியது. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்துச் சன்னல் கம்பியில் கட்டி இழுக்கவேண்டும். அப்புறம் தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்து, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பவேண்டும். பாட்டில் நடுங்கும். இவ்வளவு சின்னப் பாட்டிலுக்கு இந்த நடுக்கமா என்று எனக்கே எரிச்சலாக வரும். எரிச்சல் வந்தது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு முந்தின வாரங்களில் அதுகூட வரவில்லை.

பொங்கல் முடிந்த நாலாம் நாள் நாத்தனார் கிளம்பினாள். வயலில் அறுப்புக்கு ஆள் பிடித்துவிட்டார்கள். வாசலில் நின்று, கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி அண்ணனிடம், “எந்திரிச்சுப் பழகு” என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள். பை அவளுடைய இடது தோளில் இருந்தது.

மறுநாள் காலை நாங்கள் இருவர் மட்டும். அன்றுதான் நான் வேலைக்கும் திரும்பவேண்டியிருந்தது. கட்டில் விளிம்பில் அவரை நகர்த்தி, பாதங்களைச் சரிசெய்து, பட்டையைக் கட்டி, என் முழங்காலை அவர் முழங்காலோடு சேர்த்து வைத்தேன். அவர் எண்ணினார். மூன்றில் உந்தவில்லை. மறுபடி எண்ணினார். உந்தினார், பாதியில் விழுந்தார். மழை விட்டுப் பனி பெய்துகொண்டிருந்த காலம். அப்படியும் அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. பஸ் போய்விடும் என்று எனக்குள் ஒரு அவசரம். வலது கை அவர் பக்கம் போனது. அவர் தன் நல்ல கையால் அதைப் பிடித்து விலக்கினார்.

“அத எடுத்துக்க. நான் பாத்துக்கறேன்” என்றார்.

ஐந்தாவது முறை எழுந்து நின்றார். நின்றது நிஜமா என்று இருவருக்கும் சந்தேகம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அவருடைய எடை அவருடைய காலில் இருந்தது, என்மேல் இல்லை. அதற்குப் பிறகு நாற்காலி, கழிப்பறை, ஸ்டூல் என்று ஒவ்வொன்றுக்கும் இதே பாடு. குளித்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம். எட்டே கால் பஸ் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. ஆறு வாரம் கழித்து முதல் நாளே தாமதமாக அலுவலகத்துக்குள் நுழைந்தேன்.

மூன்று மாதம் கழித்து மருத்துவர் கையைப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றார். எனக்கும் பரவாயில்லை என்றுதான் பட்டது. கை தோளுக்கு மேலே போகிறது, தலை வாரிக்கொள்கிறேன், எழுதுகிறேன். உருண்டை அதே இடத்தில் இருக்கிறது. இறுகிய மூடியை இடது கையால்தான் திறக்கிறேன். நிறையத் துணி துவைத்த அன்றும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களிலும் தோள் கனக்கும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்காமல் இருக்கை முதுகைப் பிடித்துக்கொள்கிறேன். அவர் அந்த ஆண்டு சித்திரைக்குள் கம்பைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தார். இடது கை கடைசிவரை திறக்கவில்லை. நான் சொன்ன பொய்யையும் அவர் தெரிந்தும் கேட்காததையும் பற்றிப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றியிருக்கலாம். யார் முதலில் கேட்பது என்பதில் அது அப்படியே நின்றுவிட்டது.

தம்பிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் சேர்ந்து பயிற்சி செய்வதை விடவில்லை. நான் சன்னலோரம் ட்யூபை இழுப்பேன், அவர் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவார். ஒருவருக்கு ஒருவர் எண்ணுவோம். ஒரு நாள் அப்படி முடித்துவிட்டு ஆளுக்கொரு நாற்காலியில் சாய்ந்திருந்தோம். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. காப்பி குடிக்கலாமா என்று அவர் கேட்டார். குடிக்கலாம் என்றேன். அடுப்படிக்கு யார் எழுந்து போவது என்று இருவரும் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.